கை மேல் விழுந்த பழி

“கை போயிடுச்சு கண்ணு. இனிமே இது சரிப்பட்டு வராது.”

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, ஏற்காடு கடைவீதியில் இருக்கும் தன் சின்ன ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த மகளிடம் அவர் இப்படித்தான் சொன்னார். வெளியே ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. மேஜை மேல் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வயிறு திறந்து கிடந்தது. மூன்றாவது முறையாக ரிட்டர்ன் வந்திருந்த ஆம்ப்ளிஃபயர் அது.

அவருக்கு 62 வயது. ரேடியோ, டேப் ரெக்கார்டர், கறுப்பு வெள்ளை டி.வி, கலர் டி.வி, எமர்ஜென்சி லைட், இன்வெர்ட்டர், மைக் செட் என்று ஏற்காட்டு மலையில் பழுதான எதுவும் ஒரு நாள் அவர் மேஜைக்கு வந்தே தீரும். எஸ்டேட் பங்களாக்களின் பழைய வால்வு ரேடியோவும் வரும். காபிக் களத்தில் பாட்டுக் கேட்கும் பெண்களின் சீன செல்போன் ரேடியோவும் வரும். “சேலத்துக்கு இறங்கி ஏறினா ஒரு நாள் கூலி போயிடும்” என்பதால், இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருப்பவர்களுக்கு அவர்தான் கடைசி நம்பிக்கை.

அப்படிப்பட்டவர்தான் மாதக் கடைசியோடு கடையைக் காலி செய்துவிடுவதாகக் கட்டட உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மகளுக்கு அது அன்றுதான் தெரியும்.

காரணம், அந்த ஆம்ப்ளிஃபயர்.

அது நாகலூர் பக்கத்து மைக் செட் தம்பியுடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று மலைக்கிராமங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர். ஆம்ப்ளிஃபயரில் மைக் மாட்டும் சாக்கெட்டின் எர்த் இணைப்பு விட்டுப்போயிருந்தது. சின்ன வேலைதான். பற்றவைத்துக் கொடுத்தார். பத்தே நாளில் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை அழைப்பின் நடுவே ‘கொர்’ரென்று உறுமி, அப்படியே ஊமையாகிவிட்டது. மறுபடியும் பற்றவைத்தார். மறுபடியும் விட்டது. இரண்டாவது வீட்டுக்காரர் வாடகையும் கொடுக்கவில்லை, நான்கு பேர் முன்னால் பேசவும் செய்தார்.

“பரவால்லீங்கண்ணா, உங்களுக்கும் வயசாகுதுல்ல...” என்று அந்தத் தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்த கையோடு, கடையை மூடும் முடிவையும் எடுத்துவிட்டார்.

ரிப்பேர்காரர்கள் மொழியில் இதற்கு ‘டிரை சால்டர்’ என்று பெயர். பார்க்க ஒட்டியது போல இருக்கும். உள்ளே ஈயம் உலோகத்தோடு கலந்து பிடித்திருக்காது. பளபளப்பு இல்லாமல் மங்கலாக, மேலே ஒரு உருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆடினால், சூடேறினால், ஒரு நாள் விட்டுவிடும். புதுசாகத் தொழிலுக்கு வரும் பையன் செய்கிற தவறு அது. 38 வருடம் ஈயம் உருக்கியவர் செய்கிற தவறு இல்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது.

அவர் மேஜையில் இருந்தது டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள சால்டரிங் ஸ்டேஷன். வீட்டில் யாராவது எலெக்ட்ரீஷியன் இருந்தால், சுவரில் நேராகச் செருகும் 25 வாட் சால்டரிங் அயர்னைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தன் சூடு எவ்வளவு என்று தெரியாது. கரன்ட் இருக்கும்வரை காய்ந்துகொண்டே இருக்கும். சும்மா வைத்திருந்தால் அதிகமாகச் சூடேறி முனை கருகும். கனமான உலோகத்தைத் தொட்டால் சூடு இறங்கிப்போகும், உடனே ஏறாது. ஏற்காடு மாதிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி தையில் கதவைத் திறந்தாலே குளிர்காற்று உள்ளே வரும் ஊரில், இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மழைக்காலத்தில் வோல்டேஜ் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

ஸ்டேஷன் வேறு மாதிரி. ஒரு பெட்டி, அதிலிருந்து வயர் வழியாக ஒரு கைப்பிடி. பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாக இறக்கிக் கைப்பிடிக்கு அனுப்பும். கைப்பிடியின் உள்ளே பென்சில் கனத்தில் ஒரு செராமிக் எலிமென்ட் இருக்கும். அதற்குள்ளேயே ஒரு சென்சாரும் இருக்கும். ‘இப்போது இவ்வளவு சூடு’ என்று சென்சார் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். திருகில் 350 டிகிரி வைத்தால், சூடு குறைந்ததும் பெட்டி கரன்ட் கொடுக்கும். கூடினால் நிறுத்தும். சாதம் வெந்ததும் தானாக அணைகிற ரைஸ் குக்கர் மாதிரிதான். ஆனால் இது ஒவ்வொரு நொடியும் கவனித்துக்கொண்டே இருக்கும்.

ரைஸ் குக்கரைச் சொன்னது சும்மா இல்லை. ஒவ்வொரு காந்தப் பொருளும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் தன் காந்த குணத்தை இழக்கும் என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி பியர் கியூரி 1895-ல் விளக்கினார். அந்தச் சூட்டுக்கு அவர் பெயரே வந்துவிட்டது. சாதாரண ரைஸ் குக்கரின் அடியில் ‘டக்’கென்று விழும் பொத்தான் அந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. வெல்லர் நிறுவனத்தின் பழைய சால்டரிங் அயர்ன்களும் அப்படித்தான். முனையின் அடியில் ஒரு சின்னக் காந்தப் பொருள். தேவையான சூடு வந்ததும் அது காந்த குணத்தை இழக்க, ஸ்விட்ச் விடுபடும். ஆறியதும் மறுபடி ஒட்டும். ‘டிக்... டிக்...’ என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். 7 என்று எண் போட்ட முனை என்றால் 700 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 370 டிகிரி செல்சியஸ். சேலத்தில் தொழில் கற்ற காலத்தில், ஒரு சர்வீஸ் சென்டர் மேஜையில் அந்த டிக் சத்தத்தைக் கேட்டு அவர் அசந்துபோய் நின்றிருக்கிறார். “ஒரு நாள் நாமளும் வாங்கணும்னு அன்னைக்கே நினைச்சேன்” என்பார்.

வாங்கியது 2013-ல்தான். அதுவும் கியூரி காலத்துக் காந்த வகை அல்ல, சென்சார் வைத்த வகை. மகள் டிப்ளோமா சேர்ந்த வருடம் அது. “ஃபீஸ் கட்டிட்டு மிச்சம் இருந்ததுல வாங்கினேன்” என்று மகளிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மகள் இப்போது ஓசூரில், எலெக்ட்ரானிக்ஸ் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர்.

“எப்ப இருந்துப்பா இப்படி?” என்று கேட்டாள்.

“ஆறேழு மாசமா. சின்ன வேலை எல்லாம் நல்லா வருது. கனமான பாயின்ட் வந்தா பிடிக்க மாட்டேங்குது.”

“என்னென்ன பார்த்தீங்க?”

அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். முதலில் பிட் போயிருக்கும் என்று நினைத்து முனையை மாற்றியிருக்கிறார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. ஈயக்கம்பி போலியோ என்று சந்தேகப்பட்டு வேறு ரோல் வாங்கியிருக்கிறார். பேஸ்ட் மாற்றியிருக்கிறார். அப்புறம் திருகை 350-லிருந்து 400-க்கும், 450-க்கும் ஏற்றியிருக்கிறார். அதில் வந்தது புதுத் தொல்லை. சின்னப் பாயின்ட்களில் போர்டின் செப்புத் தகடு பெயர்ந்து வர ஆரம்பித்தது. புது பிட்டும் ஒரே மாதத்தில் கறுத்து, ஈயம் ஒட்டாமல் போனது. சூடு போதவில்லை என்று சூட்டை ஏற்றுவது, பசி எடுக்கவில்லை என்று இரண்டு இலை போடுவது மாதிரிதான்.

கடைசியாகச் சேலம் போய்க் கண்ணாடி மாற்றினார். கண்ணாடியும் உதவவில்லை. மிச்சம் இருந்தது கை மட்டும்தான். பழியைக் கை மேல் போட்டார்.

மகள் எதுவும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதே கைப்பிடி, அதே பிட், அதே ஈயம். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பாயின்ட்டைத் தொட்டாள். நான்கு நொடியில் ஈயம் உருகி, வழிந்து, பளபளவென்று பரவி உட்கார்ந்தது. பார்த்தாலே தெரியும், நல்ல வேலை.

கடைக்குள் யாரும் பேசவில்லை. அவர் மெதுவாகச் சிரித்தார்.

“பார்த்தியா... மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. தான் உட்கார்ந்து பற்றவைத்திருக்கவே கூடாது என்று தோன்றியது. உதவி செய்யப் போய், அவர் எழுதி வைத்திருந்த தீர்ப்புக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

அன்று இரவு அம்மா சாப்பாடு போடும்போது ஒன்று சொன்னார். “ராத்திரியெல்லாம் மணிக்கட்டைத் தேய்ச்சுக்கிட்டே படுத்திருப்பாருடி. தைலம் போட்டு விட்டாலும் கேட்காது. ஒரு வருஷமா இப்படித்தான். இப்பல்லாம் பேனாவைக்கூட வேற மாதிரித்தான் பிடிக்கறார்.”

வேற மாதிரி! அந்த வார்த்தை மகளைத் தூங்க விடவில்லை.

அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும்போது, ஒவ்வொரு மேஜையிலும் அயர்ன் முனையின் சூட்டைத் தனி மீட்டரில் அளந்து எழுதிய பிறகுதான் யாரும் போர்டைத் தொடலாம். ஒரு பெண் செய்யும் வேலையில் டிரை சால்டர் அதிகமாக வந்தால், முதல் கேள்வி அந்தப் பெண்ணைப் பற்றியது அல்ல. “அயர்ன் செக் பண்ணியாச்சா?” என்பதுதான். அதற்குப் பிறகுதான் ஆள். அப்பாவின் மேஜையில் மட்டும் இந்த வரிசை எப்படித் தலைகீழானது? அவரிடம் கேட்க அங்கே சூப்பர்வைசர் யாரும் இல்லை. தன்னைத் தானே விசாரித்து, தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டார்.

காலையில், கோலம் போட்டு முடித்த கையோடு அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போனாள்.

சூடு அளக்கும் மீட்டர் அங்கே இல்லை. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த கம்பி சரியாக 183 டிகிரியில் உருகும். திருகைக் குறைத்து வைத்து, முனையில் கம்பியை வைத்துக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்றினால், எந்த எண்ணில் உருகுகிறது என்று பார்த்து ஸ்டேஷன் உண்மை சொல்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். 200-ஐ நெருங்கும்போது உருகியது. திருகில் இருக்கும் எண்ணும் முனையில் இருக்கும் சூடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 270, 280 வரை உருகாமல் இருந்திருந்தால், பிட் சரியாக உட்காரவில்லை, நட் தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே கரி படிந்திருக்கிறது என்று அர்த்தம். ஏனென்றால் சென்சார் இருப்பது எலிமென்ட்டின் உள்ளே, முனையில் அல்ல. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், சென்சார் சொல்வது ஒன்றாகவும் முனையில் நடப்பது வேறாகவும் இருக்கும்.

அந்தக் குற்றம் இங்கே இல்லை.

“சரிப்பா. இப்ப நீங்க பண்ணுங்க. எப்பவும் போல பண்ணுங்க. நான் பார்க்கறேன்னு நினைக்காதீங்க.”

அவர் தயங்கினார். பிறகு கைப்பிடியை எடுத்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாய்த்து, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிப் பிடித்து, முனையை எர்த் பாயின்ட்டில் வைத்தார்.

மகள் அவர் கையைப் பார்க்கவில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

அந்த விளக்குக்கு ஒரு மொழி உண்டு. தொடர்ந்து எரிந்தால், சூடேறிக்கொண்டிருக்கிறது. விட்டு விட்டு மின்னினால், வேண்டிய சூடு வந்து அதைத் தக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அணைந்திருந்தால், சூடு அதிகமாக இருக்கிறது, கரன்ட் தேவை இல்லை. கனமான உலோகத்தை முனை தொட்டதும் சூடு இறங்கும். இறங்கினால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

எரியவில்லை. அவர் கை மடங்கியிருந்த அத்தனை நொடியும் அது அணைந்தே கிடந்தது. ஈயம் பாதி உருகி, கஞ்சி மாதிரி திரண்டு நின்றது. அவர் சலித்துப்போய்க் கைப்பிடியை ஸ்டாண்டில் வைத்தார். உடனே விளக்கு எரிந்தது.

“அப்பா! அசையாதீங்க! அப்படியே திரும்பப் பிடிங்க!”

மடக்கினால் அணைந்தது. நேராக்கினால் எரிந்தது. மடக்கினால் அணைந்தது.

ஸ்டேஷனை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, கைப்பிடி ஆறும்வரை டீ குடித்தார்கள். ஆறிய பிறகு பெட்டியிலிருந்து ஐந்து முள் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தாள். அவர் வைத்திருந்த வகையில் எலிமென்ட் சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். சென்சார் 50 ஓம் அளவில் காட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தன. “இப்ப நீங்க பிடிக்கற மாதிரி பிடிங்க.” அவர் மணிக்கட்டை மடக்கினார். மீட்டரில் இருந்த 52 மறைந்து, இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. வயர் அறுந்திருக்கிறது என்று அந்த மீட்டர் சொல்லும் விதம் அது.

வயர் கைப்பிடிக்குள் நுழையும் கழுத்தில், ரப்பர் உறைக்குள்ளே, சென்சாரின் செப்பு இழைகள் உடைந்திருந்தன. நேராக இருக்கும்போது நுனிகள் ஒன்றையொன்று தொடும். மடங்கினால் விலகும். இந்த வகை சென்சாருக்குச் சூடு ஏற ஏற ஓம் கூடும். அறுந்த வயர் என்றால் ஓம் எல்லையில்லாமல் கூடிவிட்டது என்று அர்த்தம். ‘ஐயோ, பயங்கரச் சூடு!’ என்று ஏமாந்துபோய், பெட்டி கரன்ட்டை நிறுத்திவிடுகிறது. சின்னப் பாயின்ட் என்றால் முனையில் மிச்சம் இருக்கும் சூட்டிலேயே வேலை முடிந்துவிடும். கனமான எர்த் பாயின்ட் என்றால் அந்தச் சூடு போதாது. எண் காட்டும் டிஜிட்டல் ஸ்டேஷனாக இருந்தால் பிழைக் குறியாவது வந்திருக்கும். இது திருகு வைத்த பழைய மாடல். விளக்கு அணைந்ததை ‘சூடு வந்துவிட்டது’ என்றே அவர் இத்தனை மாதமாகப் படித்திருக்கிறார்.

மகள் நேராகப் பிடித்தாள். அவள் கையில் வேலை செய்தது. அவர் மடக்கிப் பிடித்தார். அவர் கையில் செய்யவில்லை. அவ்வளவுதான்.

அவர் ரொம்ப நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டை மடக்கினார், நீட்டினார். 52, 1. 52, 1. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி மட்டும் இல்லை என்பது மகளுக்குத் தெரியும். அவள் டீ கிளாஸ்களைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

இதில் கைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு வருடமாக மணிக்கட்டு வலிக்கிறது. வலிக்காமல் இருக்கப் பிடியை மாற்றினார். மாற்றிய பிடியில் வயரின் கழுத்து தினமும் ஒரே இடத்தில் மடங்கியது. பிளாஸ்டிக் உறை வயர் வேறு, ஏற்காட்டுக் குளிரில் விறைத்துக்கொள்ளும். ஆயிரம் முறை மடங்கினால் எந்தச் செப்பு இழையும் உடையும். திரும்பி வந்ததும் மகள் இதை மறைக்காமல் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

“கைக்கு வலி இருக்கு. ஆனா கை போகலை” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி, சரி செய்வதா, புதுசு வாங்குவதா?

மகள் புதுசு வாங்கித் தரத் தயாராக இருந்தாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன கணக்கு யார் வீட்டு மெஷினுக்கும் பொருந்தும். விலை குறைந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். முதலில் பிட், அதை இறுக்கும் நட். அடுத்து வயரை மடக்கிப் பார்ப்பது, அதற்குக் காசே வேண்டாம். அடுத்து ஆறிய நிலையில் எலிமென்ட்டையும் சென்சாரையும் மீட்டரில் பார்ப்பது. அடுத்து பெட்டியின் ஃப்யூஸ். இதெல்லாம் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மரோ உள்ளே இருக்கும் போர்டோ போயிருந்தால்தான் புதுசைப் பற்றி யோசிக்கலாம். அப்போது செலவு புது மெஷின் விலையை நெருங்கிவிடும். கைப்பிடி மட்டும் போனதற்குப் பெட்டியையே தூக்கிப் போடுவது, செருப்பு வார் அறுந்ததற்கு ஆளையே மாற்றுகிற கதை.

மகள் ஒரு எச்சரிக்கை சேர்த்தாள். கைப்பிடி வாங்கும்போது பிளக்கில் ஐந்து முள் இருக்கிறதே என்று ஏதோ ஒன்றை வாங்கிவிடக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கைப்பிடிகளில் சிலவற்றில் ஓம் மாறும் சென்சார் இருக்கும், சிலவற்றில் தெர்மோகப்புள் இருக்கும். மாற்றிப் போட்டால் சூட்டுக் கணக்கே தப்பாகிவிடும். பழைய எலிமென்ட் காட்டிய ஓமை எழுதி எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே அளந்து வாங்குவது நல்லது. வயர் சிலிக்கான் உறை போட்டதாக இருந்தால் குளிரில் விறைக்காது, சூட்டிலும் கருகாது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைப்பதாக முடிவானது.

ஆனால் அதுவரை? மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. அதற்கு முன்பே சின்னச் சின்ன ஊர் விசேஷங்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய வயரையே கழுத்துக்கு மேலே மூன்று அங்குலம் வெட்டிவிட்டு, ஐந்து இழைகளையும் மறுபடி கைப்பிடிக்குள் பற்றவைக்கலாம். எந்த நிறம் எங்கே என்று மகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். வெட்டினார்கள். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது.

சால்டரிங் அயர்னைப் பற்றவைக்கச் சால்டரிங் அயர்ன் வேண்டுமே!

அவர் எழுந்து, பரண் மேல் இருந்த தகர டப்பாவை இறக்கினார். கடை திறந்த புதிதில் வாங்கிய 25 வாட் அயர்ன். மரப்பிடி கறுத்திருந்தது. செம்பு முனை பாதியாகத் தேய்ந்திருந்தது. சுவரில் செருகியதும் முதலில் தூசி கருகும் வாசனை வந்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. அரத்தால் முனையைத் தேய்த்து, ஈயம் பூசினார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார், குளிர்காற்று முனையில் அடித்தால் இந்தக் கிழவன் வேலை செய்ய மாட்டான் என்று.

மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வோர் இழையாகப் பற்றவைத்தார். விளக்கு இல்லை, சென்சார் இல்லை, எண் இல்லை. ஈயம் முனையில் எப்படி ஓடுகிறது, புகை எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்தே சூட்டைக் கணித்தார். சூடு அதிகமாகத் தோன்றியபோது ஈரத் துணியில் முனையைத் தொட்டு எடுத்தார். ஐந்து பாயின்ட், ஐந்தும் கண்ணாடி மாதிரி பளபளத்தன.

“எங்க ஃபேக்டரியில இப்படி ஒரு ஆளு இல்லப்பா” என்றாள்.

“சும்மா இரு கண்ணு” என்றார். காது வரை சிவந்திருந்தது.

மத்தியானம் கைப்பிடியை மூடி, ஸ்டேஷனை ஆன் செய்தார்கள். விளக்கு எரிந்தது, மின்னியது. அவர் தன் பிடியிலேயே மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். மின்னிக்கொண்டே இருந்தது. திருகைத் திரும்ப 350-க்கு இறக்கி வைத்தார். முந்தின நாள் மகள் பற்றவைத்ததும், அன்று காலை அவர் பாதியில் விட்டதும் சேர்ந்து கிடந்த எர்த் பாயின்ட்டை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, தன் கையால் புதுசாகப் பற்றவைத்தார். நான்கு நொடி.

அம்மாவின் கண்டிப்பில், பொங்கல் கழிந்ததும் சேலத்தில் எலும்பு மருத்துவரிடம் மணிக்கட்டையும் காட்டினார். மணிக்கட்டுக்கு ஒரு பட்டையும், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கையை நீட்டி மடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் புதுக் கைப்பிடி வந்தது. வயர் மடங்காமல் இருக்க, மேஜைக்கு மேலே ஒரு கொக்கி அடித்து அதில் தொங்கவிட்டார். கட்டட உரிமையாளரிடம் போய், “மாசக் கடைசின்னு சொன்னேனுங்க... அது வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். “நானும் யாருக்கும் சொல்லலை, நீங்க போக மாட்டீங்கன்னு தெரியும்” என்றார் அவர்.

நாகலூர் தம்பிக்கு ஆம்ப்ளிஃபயரைக் கூலி வாங்காமல் கொடுத்தார். அதோடு, திருப்பிக் கொடுக்க வேண்டியது இன்னும் இருப்பதாக நினைத்து, அவருடைய மைக் வயர்கள் எல்லாவற்றின் முனைகளையும் புதுசாகப் பற்றவைத்துத் தந்தார்.

மே மாதம், சேர்வராயன் மலை உச்சியில் திருவிழா. குகைக் கோயிலில் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட மலைக்கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனம் ஏறியது. அவரும் மனைவியோடு போனார். கும்பிட்டு முடித்ததும் மனைவி பலகாரக் கடைப் பக்கம் போக, அவர் மட்டும் ஒரு மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்றுகொண்டார். பாட்டு ஓடியது. அறிவிப்பு வந்தது. மறுபடி பாட்டு. அவர் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்கு நடுவே ஒரு கரகரப்பு, ஒரு ‘கொர்’ வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் வரவே இல்லை.

கூட்டத்தில் அவரைப் பார்த்துவிட்ட மைக் செட் தம்பி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டினார். இவரும் கையை உயர்த்தினார், பட்டை கட்டிய கையை.

கடையில் இப்போது ஆணி ஒன்றில் மூன்று அங்குல வயர்த் துண்டு தொங்குகிறது. “எனக்கு வயசாயிடுச்சுங்க, இனிமே ஒண்ணும் முடியாது” என்று யாராவது புலம்பினால், அதைக் கழற்றி அவர்கள் கையில் கொடுக்கிறார்.

“மடக்கிப் பாருங்க” என்கிறார்.